இரண்டாம் நனைப்பு

சிவதாபுரத்தில் எங்கள் குழாய்த் தண்ணீர்
குடத்தின் கழுத்தில் வெள்ளைக் கோடு போடும்.
குஞ்சுக்கு ஆகாது.
ஞாயிறு காலை ஏற்காடு பஸ் பிடித்து
பத்து லிட்டர் மழைத்தண்ணீர் கொண்டுவந்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
கேன் என் முழங்காலை முட்டிக்கொண்டே இறங்கியது.
"தண்ணிக்கும் லக்கேஜ் போடணும்க்கா" என்றார் கண்டக்டர்.
போட்டார்.

பீரோ மேலே மூன்று மாதமாய் ஒரு பை.
நாகலூர் பிரிஸ்கா கொடுத்தது.
ஈரம் பிழிந்த தேங்காய் நார்த்தூள்,
உள்ளே கில்லி முட்டைகள்,
வெளியே பென்சிலில் தேதி.
அதே மூன்று மாதத்தில்தான்
வெள்ளி விலை ஏறி ஏறி
பட்டறை ஷட்டர் முக்கால்வாசி இறங்கியது.
"திங்கக்கெழம வாங்க, ஆர்டர் வருது."
சென்னகிருஷ்ணன் சொன்ன திங்கட்கிழமைகள்
இதுவரை நான்கு.

கொலுசு முத்துக்குப் பற்று வைக்கும்போது
கண்ணில் இடுக்கும் பூதக்கண்ணாடியை
முட்டைக்கு மேல் பிடித்தேன்.
கடுகில் பாதி.
உள்ளே இரண்டு கண்கள், சுற்றிலும் பொன் வளையம்.
பார்க்க எதுவும் இல்லாத இடத்தில்
பார்வை முதலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

டிபன் டப்பாவில் இரண்டு விரல் ஆழம்,
மலையின் குளிர் இன்னும் போகாத தண்ணீர்.
அதற்குமேல் ஊற்றக் கூடாது.
பிறந்ததும் மேலே வந்து
ஒரு வாய்க் காற்று விழுங்க முடியாத குஞ்சு
தரையில் வயிற்றை இழுத்தே
வாழ்ந்து தீர்க்கும்.

நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை.
பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன்.
நார்த்தூளிலிருந்து ஒரு காற்புள்ளி
கழன்று நீந்தியது.
அப்புறம் ஏழு.
விளக்குப் போடும் நேரத்துக்கு
இருபத்துமூன்று.

உப்புத்தண்ணீர்ப் பாட்டிலில்
ஆர்ட்டீமியா முந்தின நாளே பொரிக்கப் போட்டிருந்தேன்.
ராத்திரியெல்லாம் காற்று மோட்டார் உறுமியது.
"இந்நேரத்துல மாவாட்டுறியா?"
மாடியிலிருந்து மெகருன்னிசா.
காலையில் விஷயம் கேட்டு
தன் பழைய துப்பட்டாவில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள்.
அதில் வடித்து, உப்புப் போக அலசி,
சொட்டுச் சொட்டாய் விட்டேன்.
குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமானால்
சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம்.
தோல் கண்ணாடி; எதையும் மறைக்கத் தெரியாது.
சாப்டாச்சா என்று கேட்டால்
ஆச்சு என்று சொல்லவும் தெரியாது.

ஐந்து செத்தன.
கரண்ட் போனது, வெயில், எல்லாம் சொல்லலாம்.
ஐந்தாம் திங்கட்கிழமை
பட்டறை வாசலில் நின்றுவிட்டு
சாயங்காலம் திரும்பினேன்.
அன்றைக்குத் தண்ணீர் மாற்றவில்லை.
தின்னாத தீனி அடியில் கிடந்து நாறியிருந்தது.
மறுநாள் ஒரு நத்தையை வேலைக்கு வைத்தேன்.
மிச்சம் மீதியைத் தின்கிறது,
சம்பளம் பற்றிப் பேச்சே இல்லை.

குஞ்சுகளை வேறு டப்பாவுக்கு மாற்றியபின்
நார்த்தூளைக் கொட்டப் போனவள்
பழக்கத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.
இன்னும் முட்டைகள்.
பொன் வளையக் கண்கள், உள்ளே லேசாய் ஒரு புரளல்.
உயிரோடுதான் இருக்கின்றன,
வெளியே வரவில்லை.

பிரிஸ்கா போனில் சிரித்தாள்.
"அதுங்க மொத மழைய நம்பாதுக்கா.
தூறிட்டுப் போயிடுச்சுன்னா?
குட்டை காஞ்சா மொத்தமும் போயிடும்ல.
பிழிஞ்சு வைங்க,
இன்னொரு மாசம் கழிச்சு நனைங்க."

பிழிந்தேன்.
பழைய தேதியை அடிக்காமல்
பக்கத்தில் புதுத் தேதி எழுதினேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு சென்னகிருஷ்ணன்:
"நாளைக்கு வந்துரும்மா, இந்தத் தடவ நெஜமாவே ஆர்டர்."
வர்றேன் என்றேன்.

காலையில் பூதக்கண்ணாடியைத் துடைத்து
பையில் போட்டேன்.
வாசலில் செருப்பு.
பதினெட்டு வயிறும் ஆரஞ்சாகும்வரை
அதில் கால் வைக்கவில்லை.